குளக்கட்டில் விழுந்த ஓட்டை: ஒரு விவசாயியின் இரைப்பைப் புண் – நிகழ்வு ஆய்வு

பெப்ரவரி மாதம், காலபோக அருவி வெட்டு (நெல் அறுவடை) நடந்துகொண்டிருந்தது. முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் வேலை செய்யும் சிறிய வைத்தியசாலைக்கு முத்தையன்கட்டுப் பக்கத்திலிருந்து 54 வயது விவசாயி ஒருவரை மகன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார். விழுந்துவிடாதபடி பின்னால் இருந்து மனைவி பிடித்திருந்தார். வெட்டு மெசினுக்குச் சாக்குப் பிடித்துக்கொண்டு நின்றவர், தலை சுற்றி வரம்பில் இருந்துவிட்டாராம்.

எழுதுவதற்கு அவரிடமும் மனைவியிடமும் சம்மதம் பெற்றேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

"கஸ்ரிக் டொக்டர். ரெண்டு வருசமாக் கிடக்கு. இப்ப கொஞ்சம் கூடிப்போச்சு." அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான். எங்கள் பகுதியில் மேல் வயிற்றில் எந்த உபாதை வந்தாலும் பெயர் கஸ்ரிக். நெஞ்செரிவு, புளிச்ச ஏவறை, சாப்பிட்டதும் ஊதல், பசித்தால் எரிவு எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். மாரடைப்புக்கூடச் சில நேரம் அந்தப் பெயரோடுதான் வாசலுக்கு வரும். அதனால் முதலில் ஈசிஜி எடுத்தோம். இருதயத்தில் பிழை தெரியவில்லை.

முகமும் உள்ளங்கையும் வெளிறியிருந்தன. நாடி நிமிடத்துக்கு 112. படுத்திருக்கும்போது இரத்த அழுத்தம் 100/60. எழுப்பி நிறுத்தியபோது மேல் எண் 84க்கு இறங்கியது, கண் இருட்டுகிறது என்றார். தொப்புளுக்கு மேலே அழுத்தினால் நோ. ஆனால் வயிறு பலகைபோல இறுகியிருக்கவில்லை, ஆகவே இரைப்பை துளைபட்டிருக்க வாய்ப்புக் குறைவு. மலவாசலைச் சோதித்தபோது கையுறையில் வந்தது தார் மாதிரிக் கறுப்பு.

"மலம் எத்தினை நாளா இப்பிடிக் கறுப்பாப் போகுது அண்ணை?"

"ஒரு கிழமை இருக்கும். அது சத்துக் குளுசையால எண்டு நினைச்சன். களைப்பா இருக்கு எண்டு கடையில கேட்டு வாங்கினது."

இரும்புச்சத்துக் குளுசை மலத்தைக் கறுப்பாக்கும், உண்மைதான். ஆனால் அது கரும்பச்சையாக, கட்டியாகப் போகும். இரைப்பையில் கசியும் இரத்தம் அமிலத்தில் வெந்து குடல் முழுக்க நடந்து வரும்போது ஒட்டும், பளபளக்கும், தனியான ஒரு நாற்றம் இருக்கும். அந்த நாற்றத்தை ஒருமுறை அறிந்தவர் மறக்கமாட்டார். ஈமோகுளோபின் 6.6. செங்குழியங்கள் சிறுத்திருந்தன, அதாவது கசிவு ஒரு கிழமைக்கு முன்பே, பல மாதங்களாக, சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. யூரியா 78, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியற்றினின் 1.4. குடலுக்குள் இறங்கிய இரத்தம் புரதமாகச் சமிக்கும்போது யூரியா ஏறும். ஆனால் கிரியற்றினினும் சற்று ஏறியிருந்ததற்கு வேறொரு காரணம் பின்னால் தெரிந்தது.

கேள்வியில் இருந்த பிழை

"நோக்குளுசை ஏதும் போடுறனீங்களோ?"

"இல்லை டொக்டர். கஸ்ரிக் குளுசை மட்டும்தான்."

அந்தக் கேள்வியை அவரிடம் நான் கேட்டது இது இரண்டாவது தடவை. மூன்று மாதத்துக்கு முன் ஓபிடியில் இதே எரிவோடு வந்திருக்கிறார். கிளினிக் கொப்பியில் என் கையெழுத்திலேயே இருந்தது: நோக்குளுசை இல்லை, ஒமிப்ரசோல் 20 மில்லிகிராம். அமிலத்தைக் குறைக்கும் குளுசை அது. நீளமான வரிசை, இரண்டு நிமிடக் கதை. அதே பதிலை இரண்டாவது முறையும் எழுதப் போனேன். மனைவிதான் குறுக்கே வந்தார்.

"அப்ப அந்தக் கால் குளுசை?"

2009இல் இடது தொடையில் பாய்ந்த ஷெல் துண்டுகள் இரண்டு அவருக்குள் இன்னும் இருக்கின்றன. மாரி தொடங்கினாலும், சேற்றில் நாள் முழுக்க நின்றாலும் உளைவு தாங்க முடியாது. ஆறு வருடமாக அதற்கு ஒரு கடையில் சிவப்பு நிறச் சின்னக் குளுசை வாங்கிப் போடுகிறார். வழமையாக நாளுக்கு இரண்டு, அருவி வெட்டுக் காலத்தில் மூன்று. மனைவி சீலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த அட்டையை எடுத்துக் காட்டினார். டைக்குளோபினாக் 50 மில்லிகிராம், நோக்குளுசையேதான்.

அவர் பொய் சொல்லவில்லை. நோக்குளுசை என்றால் தலையிடிக்கோ காய்ச்சலுக்கோ போடுவது. இது காலுக்கு. காயத்தோடு கூட வரும் ஒரு பொருள், ஊன்றுகோல் மாதிரி. வன்னியில் இப்படி உடலில் இரும்பைச் சுமந்துகொண்டு வேலை செய்கிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் "காலுக்கு என்ன போடுறீங்கள், முதுகுக்கு என்ன போடுறீங்கள்" என்றுதான் கேட்க வேண்டும். இப்போது நான் அப்படித்தான் கேட்கிறேன்.

இன்னொன்றும் அப்போது தெரிந்தது. "குளுசை வயித்தைப் புண்ணாக்கும்" என்று யாரோ சொன்னதால், கடந்த அருவி வெட்டுக்கு அதே மருந்தை இரண்டு மூன்று தடவை ஊசியாகப் போட்டிருக்கிறார். குளுசை இரைப்பையில் விழுந்து சுடுவதால் மட்டும் புண் வருவதில்லை. மருந்து இரத்தத்தில் கலந்து வந்து இரைப்பைச் சுவரின் காவலைக் குலைக்கிறது. ஊசியாகப் போட்டாலும், மலவாசலில் சப்போசிற்றரியாக வைத்தாலும் அது அந்த வேலையைச் செய்யும்.

சுவருக்குள் நடப்பது

அவருக்கு நாளம் குத்தி, ஒமிப்ரசோல் 80 மில்லிகிராம் ஏற்றி, அம்புலன்ஸ் வரும்வரை காத்திருந்த நேரத்தில் மகன் கேட்டார்: "கஸ்ரிக் எண்டா அமிலம் கூடுறதுதானே டொக்டர்? அதுக்குத்தானே இந்தக் குளுசை?" அந்தப் பிள்ளைக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இந்த நோயாளியின் கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

இரைப்பையின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் இலட்சக்கணக்கில் உண்டு. ஒவ்வொரு குழிக்குள்ளும் சுரப்பிகள், ஒவ்வொரு சுரப்பியிலும் வேறு வேறு வேலைக்கான செல்கள். அமிலம் சுரப்பவை சுவர்ச் செல்கள். அவை காபனீரொட்சைட்டையும் தண்ணீரையும் சேர்த்து அதிலிருந்து ஐதரசன் அயனைப் பிரித்தெடுக்கின்றன. பின்பு ஒரு பொற்றாசியம் அயனை உள்ளே எடுத்து ஒரு ஐதரசன் அயனை வெளியே தள்ளும் புரோத்தன் பம்பால் அதை இரைப்பைக்குள் இறைக்கின்றன. குளோரைட்டும் சேர ஐதரோகுளோரிக் அமிலம் ஆகிறது. இரத்தத்தில் இருப்பதைவிடப் பத்து இலட்சம் மடங்குக்கு மேல் செறிவாக அந்த ஐதரசன் வெளியே வருகிறது. நம் உடலில் வேறெந்தச் செல்லும் இவ்வளவு ஏற்றத்துக்கு எதையும் இறைப்பதில்லை. பிரிந்த மற்றப் பாதியான பைகாபனேற்று இரத்தத்துக்குள் போகிறது. அதனால் நன்றாகச் சாப்பிட்ட பிறகு இரத்தம் சிறிது நேரம் வழமையைவிடக் காரமாக, அதாவது அமிலத்துக்கு எதிர்த் தன்மையோடு, இருக்கும்.

பக்கத்திலேயே முதன்மைச் செல்கள். இவை பெப்சினோஜன் என்ற தூங்கும் நொதியைச் சுரக்கின்றன. அமிலத்தைத் தொட்டால்தான் அது பெப்சினாக விழித்து மீனையும் பருப்பையும் வெட்டத் தொடங்கும். ஆகவே அமிலத்தின் வேலை சாப்பாட்டை எரிப்பதல்ல. புரதத்தின் முறுக்கை அவிழ்த்துப் பெப்சினிடம் கொடுப்பதும், கிணற்றுத் தண்ணீரோடும் கையோடும் வரும் கிருமிகளைக் கொல்வதும், சாப்பாட்டிலுள்ள இரும்பைக் குடல் உறிஞ்சக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவதும் அதன் வேலை. சுவர்ச் செல்கள் இன்னொரு பொருளையும் சுரக்கின்றன. அது இல்லாமல் சாப்பாட்டிலுள்ள விற்றமின் பி12 உடலுக்குள் போதியளவு ஏறாது. சமிபாட்டின் பெரும்பகுதி சிறுகுடலில் நடப்பதுதான், ஆனால் அதற்கு முன்னாயத்தம் இங்கே நடக்கிறது. நாளுக்கு ஏறத்தாழ இரண்டு லீற்றர் சாறு.

இதையெல்லாம் மனிதர் முதலில் கண்ணால் பார்த்தது ஒரு காயத்தின் வழியாக. 1822இல் வட அமெரிக்காவில் மிக அருகிலிருந்து துப்பாக்கிச் சூடு பட்ட அலெக்ஸி சென் மார்ட்டின் என்ற கூலியாள் உயிர் பிழைத்தார், ஆனால் வயிற்றில் இரைப்பைக்குள் திறக்கும் ஓட்டை ஒன்று மூடாமல் நின்றுவிட்டது. வில்லியம் போமன்ற் என்ற இராணுவ வைத்தியர் அதற்குள் நூலில் இறைச்சித் துண்டைக் கட்டி இறக்கி, எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று வருடக்கணக்காகப் பார்த்து 1833இல் நூலாக்கினார். இரைப்பையில் இருப்பது ஐதரோகுளோரிக் அமிலம் என்று வில்லியம் பிரௌற் காட்டியது அதற்குச் சற்று முன்பு. காயப்பட்ட ஒருவர் உடலைக் கொடுத்துத்தான் இந்த அறிவு வந்தது என்பது, இந்த நோயாளியின் தொடையைப் பார்க்கும்போது எனக்கு நினைவுக்கு வந்தது.

இறைச்சியைக் கரைக்கும் அந்தச் சாறு இரைப்பையை ஏன் கரைப்பதில்லை? மேற்பரப்பு முழுக்கச் சளி சுரக்கும் செல்கள் நெருக்கமாக நிற்கின்றன. அவை ஒரு தடித்த களிப் படலத்தை விரித்து, அதற்குள் பைகாபனேற்றையும் விட்டுக்கொண்டே இருக்கின்றன. படலத்துக்கு வெளியே கடும் அமிலம், உட்பக்கம் செல்லைத் தொடும் இடத்தில் கிட்டத்தட்ட நடுநிலை. தேய்ந்த செல்கள் சில நாட்களிலேயே உதிர்ந்து புதியவை வந்துவிடும். இந்தப் படலத்தைச் சுரக்கச் சொல்வதும், அடியில் இரத்த ஓட்டம் குறையாமல் பார்ப்பதும் புரொஸ்ரகிளான்டின் என்ற பொருட்கள். டைக்குளோபினாக், ஐபுபுறோபன், அஸ்பிரின் எல்லாம் நோவைக் குறைப்பது புரொஸ்ரகிளான்டினைத் தடுத்துத்தான். காலில் தடுக்கும்போது இரைப்பையிலும் தடுக்கும், சிறுநீரகத்திலும் தடுக்கும். அவருடைய கிரியற்றினின் ஏறியிருந்ததன் காரணம் அங்கேதான். வவுனியா உட்பட உலர்வலயத்தில் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் விவசாயிகளைத் தின்றுகொண்டிருக்கும்போது, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நின்று இந்தக் குளுசையை மூன்று வேளை விழுங்குவது எனக்குப் பெரும் பயமாக இருக்கிறது.

கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தவர் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "அப்ப குளத்தில தண்ணி கூடினதில்லை," என்றார் மெதுவாக. "கட்டில நண்டுவளை விழுந்திருக்கு."

அதைவிடச் சரியாக நான் சொல்லியிருக்க முடியாது.

உள்ளே பார்த்தபோது

பெரிய வைத்தியசாலையில் இரண்டு பைந்து இரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியாகக் கமெராக் குழாயை இறக்கிப் பார்ப்பது. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் 1.2 சென்ரிமீற்றர் அளவில் ஒரு புண், அடிப்பகுதி சுத்தமாக, கசிவு நின்றிருந்தது. கிளிப் போடவோ ஊசி போடவோ தேவைப்படவில்லை. முதல்நாள் ஏற்றிய ஒமிப்ரசோலுக்கும் இதில் பங்கு இருந்திருக்கலாம். அமிலச் சூழலில் இரத்தம் சரியாக உறையாது, உறைந்த கட்டியையும் பெப்சின் கரைத்துவிடும். அமிலம் இறங்கினால் கட்டி நிலைக்கும். புண்ணுக்குக் காரணம் அமிலம் இல்லாவிட்டாலும், சுவர் ஆறும்வரை அமிலத்தைக் குறைத்து வைக்க வேண்டும் என்பது இதனால்தான். கட்டைத் திருத்தும்வரை குளத்தை வற்ற வைப்பதுபோல.

புண்ணின் ஓரத்திலிருந்து சதைத் துணுக்குகள் எடுக்கப்பட்டன. இரைப்பைப் புண் என்றால் புற்றுநோய் இல்லை என்று நுணுக்குக்காட்டியில் பார்க்காமல் விடக் கூடாது. இரைப்பைப் புண்ணை உண்டாக்கக்கூடிய ஹெலிகோபக்டர் பைலோரி என்ற கிருமிக்கு உடனடிப் பரிசோதனையும் செய்தார்கள். துணுக்கை யூரியா கலந்த மஞ்சள் களியில் வைத்தால், கிருமி இருந்தால் இளஞ்சிவப்பாகும். மஞ்சளாகவே நின்றது.

இந்த இடத்தில் நிறையப் பேர் ஏமாறுவார்கள். ஒமிப்ரசோல் போட்டுக்கொண்டிருப்பவரிடம் இந்தக் கிருமி எண்ணிக்கையில் குறைந்து ஒளிந்துவிடும். இரத்தக் கசிவும் பரிசோதனையைக் கெடுக்கும். பத்து நாள் கழித்து நுணுக்குக்காட்டி அறிக்கை வந்தது: புற்றுநோய் இல்லை, ஹெலிகோபக்டர் உண்டு. வளை தோண்டியது ஒன்றல்ல, இரண்டு. இந்தக் கிருமி யூரியாவை உடைத்துத் தன்னைச் சுற்றி அமோனியாவைப் பரப்பி அமிலத்துக்குள் உயிர் வாழ்கிறது. பெரும்பாலும் சிறுவயதிலேயே தொற்றி, ஆயுள் முழுக்க இருக்கும். இரைப்பையில் கிருமி வாழாது என்று உலகமே நம்பியிருந்த காலத்தில் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் றொபின் வொறனும் பரி மார்ஷலும் அதைக் கண்டார்கள். 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் நோபல் பரிசு. அதற்கு முன் புண்ணுக்குக் காரணம் கவலையும் உறைப்பும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வீடுகளில் இன்றும் அப்படித்தான். இந்த அம்மா இரண்டு வருடமாக வீட்டில் சம்பலே இடிக்கவில்லை. செத்தல் மிளகாய் போடாத கறி. இரவில் எரிவு வந்தால் ஒரு கோப்பை பசுப்பால். பால் ஒரு அரை மணி நேரம் எரிவைத் தணிக்கும், பிறகு அதிலுள்ள புரதமும் கல்சியமும் சுவர்ச் செல்லை மறுபடி தட்டி எழுப்பும். மிளகாய் எரிவைக் கூட்டலாம், புண்ணைத் தோண்டாது. அவர் குடிக்கும் பீடியைத்தான் நிறுத்தியிருக்க வேண்டும், புண் ஆறுவதை அது தடுக்கும்.

மருந்து, அதன் நேரம்

டைக்குளோபினாக் அன்றோடு நின்றது. ஒமிப்ரசோல் 20 மில்லிகிராம் இருவேளை, அமொக்சிசிலின் 1 கிராம் இருவேளை, கிளரித்ரோமைசின் 500 மில்லிகிராம் இருவேளை, 14 நாள். பென்சிலின் ஒவ்வாமை இல்லையென்று கேட்டு உறுதிசெய்த பிறகு. நான்காம் நாள் வாயெல்லாம் இரும்பு நக்கினதுபோலக் கைக்குது என்று நிறுத்தப் பார்த்திருக்கிறார். கிளரித்ரோமைசின் அப்படித்தான். மனைவி ஒவ்வொரு வேளையும் முன்னால் நின்று போட வைத்திருக்கிறார். பாதியில் விட்டிருந்தால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சியிருக்கும்.

பிறகு ஒமிப்ரசோல் மட்டும், மொத்தம் எட்டுக் கிழமை. இரண்டு வருடமாக விழுங்கிய அதே குளுசைதான், ஆனால் இந்தமுறை நேரம் வேறு. கடைக்காரர் கொடுத்த உறையில் எல்லா மருந்துக்கும் ஒரே வரி: சாப்பாட்டுக்குப் பிறகு. அவரும் வயிறு நிரம்பச் சாப்பிட்டு, கால் குளுசையையும் கஸ்ரிக் குளுசையையும் சேர்த்தே விழுங்கியிருக்கிறார். ஒமிப்ரசோல் வேலை செய்கிற பம்பைத்தான் பிடிக்கும். பசியில் பெரும்பாலான பம்புகள் செல்லுக்குள் சுருண்டு கிடக்கின்றன. சோற்றின் மணம் மூக்கில் பட்டு, முதல் கவளம் இறங்கி, நரம்பும், அமிலம் சுரக்கத் தூண்டும் ஹிஸ்ரமினும் காஸ்ரினும் தட்டும்போது அவை மேற்பரப்புக்கு ஏறி இறைக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் மருந்து இரத்தத்தில் இருக்க வேண்டும். இரத்தத்தில் அது தங்குவது சில மணி நேரம்தான். ஆனால் பிடித்த பம்பை விடாது, செல் புதுப் பம்பு செய்யும்வரை அந்தப் பம்பு நின்றதுதான். ஆகவே காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு. முழுப் பலன் தெரிய மூன்று நாளாவது ஆகும். எரிவு வந்தவுடன் ஒன்றை விழுங்கி உடனே தணியவில்லை என்று இரண்டாவதை விழுங்குவது இந்த மருந்துக்குப் பொருந்தாது. உடனடித் தணிவுக்கு, இருக்கும் அமிலத்தை முறிக்கும் அன்ரசிட் பாணி இருக்கிறது. மக்னீசியம் உள்ளது மலத்தை இளக்கும், அலுமினியம் உள்ளது இறுக்கும், அதனால் இரண்டையும் கலந்தே செய்கிறார்கள்.

ரனிற்றிடின் என்ற கஸ்ரிக் குளுசை பற்றியும் கேட்டார், பழைய மருந்து நல்லதாக இருந்ததே என்று. அந்த வகை மருந்து ஹிஸ்ரமினின் கதவை மட்டும் சாத்தும். 1976இல் பிரித்தானியாவில் அதன் முன்னோடி சிமெற்றிடின் வந்தபோது எத்தனையோ சத்திரசிகிச்சைகள் தேவையில்லாமல் போயின. ஆனால் புற்றுநோய்க்கு ஏதுவாகக்கூடிய ஒரு கலப்படம் குளுசையில் உருவாவது தெரிந்ததால், 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ரனிற்றிடினைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது.

காலுக்கு? இதை விட்டால் மற்றதெல்லாம் வீண். மாற்று இல்லாமல் குளுசையை நிறுத்தச் சொன்னால் அடுத்த அருவி வெட்டுக்கு மீண்டும் கடை வாசலில்தான் நிற்பார். பரசிற்றமோல் ஒழுங்கான நேரத்தில், நரம்பு நோவுக்கு இரவில் அமிற்றிரிப்ரிலின் 10 மில்லிகிராம், உடற்பயிற்சிப் பிரிவில் தொடைத் தசைக்கான பயிற்சி, சுடுதண்ணி ஒத்தணம். தோலுக்குக் கிட்ட இருக்கும் துண்டை எடுக்க முடியுமா என்று பார்க்கச் சத்திரசிகிச்சை நிபுணருக்குக் கடிதம்.

நிறுத்திய இரண்டு கிழமை

எட்டுக் கிழமை முடிந்ததும் ஒமிப்ரசோலை நிறுத்தினோம். கிருமி போய்விட்டதா என்று நம்பிப் பார்க்க வேண்டுமானால் குறைந்தது இரண்டு கிழமை மருந்தில்லாமல் இருக்க வேண்டும். ஐந்தாம் நாள் தொலைபேசி வந்தது. "திரும்பத் தொடங்கீட்டுது டொக்டர். புண் திரும்ப வந்திட்டுதோ?"

இது பலரை ஆயுள் முழுக்க ஒமிப்ரசோலில் கட்டிவைக்கும் இடம். அமிலம் குறைந்திருக்கும் காலம் முழுவதும் இரைப்பை காஸ்ரினை அதிகமாகச் சுரந்து, சுவர்ச் செல்லைத் தட்டிக்கொண்டே இருக்கும். மருந்து நின்றதும் பம்புகள் எல்லாம் ஒரேயடியாகத் திறக்கும். உண்மையான மிகை அமிலம் அப்போதுதான். 2009இல் வெளியான ஒரு டென்மார்க் ஆய்வில், வயிற்று வருத்தமே இல்லாத 120 பேரில் ஒரு பாதிக்கு எட்டுக் கிழமை இந்த வகை மருந்தைக் கொடுத்து நிறுத்தினார்கள். நிறுத்திய பின் அவர்களில் 44 வீதமானோருக்கு எரிவோ நெஞ்செரிவோ வந்தது. வெற்றுக் குளுசை எடுத்தவர்களில் 15 வீதம்தான். நோயே இல்லாதவருக்கு மருந்தை நிறுத்துவதால் வந்த எரிவு.

மலம் கறுப்பாகப் போகிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டேன். இல்லை. அன்ரசிட் பாணி குடிக்கச் சொன்னேன், இரவில் நேரத்தோடு சாப்பிடச் சொன்னேன். பத்து நாளில் தணிந்தது.

பத்தாவது கிழமை மறு எண்டோஸ்கோப்பி. புண் இருந்த இடத்தில் ஒரு வெளிறிய தழும்பு மட்டும். துணுக்கில் கிருமி இல்லை. கிரியற்றினின் 1.0. வைகாசியில், வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த கிழமை, கிளினிக்குக்கு வந்தார். இரும்புக் குளுசையைப் பிளேன்ரீயோடு விழுங்கிக்கொண்டிருந்ததைக் கண்டு முன்பே மாற்றியிருந்தோம். தேயிலை இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேசிக்காய்த் தண்ணியோடு எடுக்கத் தொடங்கிய பின் ஈமோகுளோபின் 12.4க்கு ஏறியிருந்தது. சிறுபோகத்துக்கு ஒரு ஏக்கர் மட்டும் விதைத்திருக்கிறாராம், தண்ணீர் பங்கு அவ்வளவுதான்.

தோலுக்குக் கிட்ட இருந்த துண்டை எடுத்துவிட்டார்கள். மற்றது நரம்புக்குப் பக்கத்தில், தொட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மாரிக்கு உளையும்தான் என்றார். வீட்டில் மிஞ்சியிருந்த சிவப்புக் குளுசை அட்டைகள் ஆறையும் மனைவி ஒரு சொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.